பள்ளத்துல அடிச்ச ஆணி

இன்னிக்கும் அந்த ஆளு மூஞ்சி ஞாபகம் வந்தா எனக்கு வயிறு எரியும். எங்க சபை வாலிபர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். வண்ணாரப்பேட்டையில அவங்கப்பாவுக்கு ஹார்டுவேர் கடை. ஆணி விக்கிற வூட்டுப் புள்ளைக்கு ஆணி அடிக்கவும் தெரியும்னு சபையே நம்பிச்சு.

சடையங்குப்பத்துல எங்க சபை அக்கா ஒருத்தங்க தனியா கீறாங்க. புருஷன் இல்ல. வெள்ளத்துல கூரை போச்சு. அடுத்த மழைக்குள்ள தகர ஷீட் போட்டுத் தரணும்னு ஒரு சனிக்கிழமை வேன் புடிச்சுப் போனோம். போனதும் பொம்பளைப் புள்ளைங்க கையில சுண்ணாம்பு பிரஷ், பசங்க கையில சுத்தி.

எங்கப்பா விம்கோ நகர்ல ஷீட் போடறவரு. நெளி நெளியா இருக்கற ஷீட்டோட மேட்டுலதான் ஆணி அடிக்கணும், பள்ளத்துல அடிச்சா தண்ணி ஓட்டை வழியா இறங்கிடும். எங்க வூட்ல கைக்கொழந்தைக்குக்கூட இது தெரியும். செயலாளர் வரிசையா பள்ளத்துலயே அடிச்சுகினு போனாரு. ஏணிகிட்டப் போய் பதவிசா சொன்னேன். பள்ளத்துல அடிச்சாதான் கட்டையில கெட்டியா புடிக்கும்னு எனக்கே பாடம் எடுத்துட்டு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாரு: "நீ போய் டீ வாங்கினு வாம்மா."

பசங்க சிரிச்சானுங்க. நானும் போய் டீ வாங்கினு வந்தேன் பாரு, அதான் இன்னும் ஆறல.

அந்த வாரமே மழை. ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் அக்கா வந்து கூரை ஒழுவுதுன்னாங்க. அவர் கூசாம, சுண்ணாம்பு அடிச்ச பொண்ணுங்க ஏணிய ஷீட் மேல சாச்சுட்டாங்க, அதான் ஆணி விட்டுப்போச்சுன்னாரு. பாஸ்டர் என்னைத் திரும்பிப் பாத்தாரு. இரு மாமு, உன்னை வச்சுக்கறேன்னு மனசுல முடிச்சு போட்டுகினேன்.

வேலை முடிச்ச வூட்ல ஸ்தோத்திர ஜெபம் வைக்கறது எங்க சபை வழக்கம். நாள் குறிக்கறது என் பொறுப்பு. வெயிலடிச்ச ரெண்டு சனிக்கிழமையும் ஏதேதோ சாக்கு சொல்லித் தள்ளினேன். பொறுத்தார் பூமியாள்வார். மூணாவது வாரம் எண்ணூர் பக்கம் வானம் கறுத்துகினு வந்துச்சு. நாளைக்கே ஜெபம்னேன். சேர் போட்டதும் நான்தான். ஆணி வரிசைக்கு நேர் கீழ அவருக்கு.

பாஸ்டர் ஜெபம் ஆரம்பிச்சா லேசுல முடிக்க மாட்டாரு. நடுவுல யாரும் எழுந்திருக்க முடியாது. மழை புடிச்சுது. நான் மட்டும் கண்ணைத் தொறந்து வச்சுகினு பாத்தேன். உச்சந்தலை, காலரு, வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு சொட்டுக்கும் எனக்கு உள்ள குளுகுளுன்னு இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

அக்கா சத்தம் போடாம எழுந்து வந்து, ஒரு சோத்துக் குண்டான அவர் மடியில வச்சாங்க.

"புடிச்சுக்கோ நைனா. தரை நனைஞ்சா எனக்குப் படுக்க எடமில்ல."

அவர் ரெண்டு கையாலயும் புடிச்சுகினாரு. ஜெபம் முடியற வரைக்கும் தலை நிமிரல. எனக்கும் சிரிப்பு வரல. எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒரே காலையில சரி பண்ணியிருப்பாரு. மூணு வாரமா நான் சொல்லல.