இரண்டு விரல் இடம்

போன வருடம் ஆடி அமாவாசை. காலை ஒன்பது இருபது. கடிகாரத்தைப் பார்த்ததால்தான் இவ்வளவு திட்டமாகச் சொல்கிறேன். அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்த நர்சம்மா என் மகளின் வயிற்றிலிருந்து கையை எடுத்து, "கொழந்த குறுக்கால கெடக்குதும்மா. இங்க வச்சிப் பாக்க முடியாது. திண்டிவனம் பெரியாஸ்பத்திரிக்கு உடனே கெளம்புங்க" என்றார்.

தலைப்பிரசவம். மாமியார் வீட்டிலிருந்து நாங்கள் அழைத்து வந்த பெண், எங்கள் பொறுப்பு. செஞ்சியிலோ அன்று பஸ்ஸே இல்லை. எல்லாம் மேல்மலையனூருக்கு ஸ்பெஷலாகப் போய்விட்டன. இருந்த ஒரே வாடகைப் பிளஷர் கார், பெட்ரோல் டேங்க் கழற்றிய நிலையில் எங்கள் வாசலில் நின்றது. வீட்டை ஒட்டிய கொட்டகையில் என் மகன் காஸ் வெல்டிங் வேலை செய்கிறான். டேங்கின் மடிப்பில் மயிரிழை போல ஒரு விரிசல்.

"அரமணி நேரம்மா, ஒட்டிடுறேன்" என்று உட்கார்ந்தான்.

டேங்கைச் சோடா கலந்த வெந்நீரில் பல முறை கழுவியிருந்தான். பெட்ரோல் ஆவி தங்காமல் இருக்க உள்ளே தண்ணீர் நிரப்பி, விரிசல் மேலே வரும்படி சாய்த்து வைத்திருந்தான். விரிசலுக்குக் கீழே இரண்டு விரல் இடம் மட்டும் காலி. எனக்கு அந்த இரண்டு விரல்தான் உறுத்தியது. எங்கேயோ டேங்க் வெடித்து ஒருவர் செத்ததைப் பத்திரிகையில் படித்தவள் நான். ஒரு பிள்ளை உள்ளே வலியில், இன்னொரு பிள்ளை வெளியே நெருப்போடு! அவன் காஸ் உண்டாக்கும் கார்பைடு டிரம் பக்கம் திரும்பியதும், ஒரு சொம்பு தண்ணீரை டேங்கின் வாயில் ஊற்றிவிட்டேன்.

பற்றவைத்தான். உருகிய இரும்பு புஸ் புஸ்ஸென்று கொப்பளித்தது. ஆறியதும் பார்த்தால், ஆப்பத்தின் மேல்புறம் போல எங்கும் ஊசித்துளைகள்.

"எண்ணெப் பிசுக்கா இருக்கும்" என்று தகடு வெளுக்கும்வரை அரத்தால் தேய்த்தான். மறுபடியும் துளை. உருக்கி ஒட்டும் கம்பியில் துருவோ என்று வேறு கம்பி எடுத்தான். துளை. ஆடிக் காற்று நெருப்பைக் கலைக்கிறதோ என்று தட்டியை இழுத்து மறைத்தான். அப்போதும் துளை! அவன் எழுந்த ஒவ்வொரு முறையும் நான் சொம்போடு போய் வந்தேன். உள்ளேயிருந்து என் மகள், "அம்மா, முடியலம்மா" என்று அலறினாள்.

அவன் நெருப்பை அணைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டான். "கம்பி சரி, காத்து சரி, தகடு சரி. இன்னாதான்டா கேடு உனக்கு?" என்று டேங்கைக் கேட்டபடி நிமிர்ந்தவன் என் கையைப் பார்த்தான். சொம்பு சொட்டிக்கொண்டிருந்தது.

காருக்குப் பக்கத்தில் காத்து நின்ற டிரைவர்தான் முதலில் வாய் திறந்தார். "இன்னாக்கா, டேங்குக்குத் தலைக்கு ஊத்துறியா?"

மகன் திட்டவில்லை. "தண்ணி வெரிசல் வரைக்கும் ஏறிடுச்சும்மா. சூடு பட்டா ஆவியாயி, உருகுன இரும்பப் பொத்துக்கினு வருது. அந்த எடம் வேணும்மா" என்றான். இரண்டு விரல் தண்ணீரை வெளியே கவிழ்த்தான். விரிசலைத் துடைத்துக் காயவைத்தான். "நீ உள்ள போயி தங்கச்சி கையப் புடிச்சிக்க. வெளிய வராத."

போனேன். அவள் கையைப் பிடித்திருந்தேனே தவிர, காதெல்லாம் கொட்டகையில்தான். எவ்வளவு நேரமோ தெரியாது. வாசலில் ஹாரன் அடித்தபோது, வெடித்துவிட்டது என்று நினைத்துக் கத்தினேன். என் மகளே என்னைத் தட்டி, "காரும்மா" என்றாள்.

வழியெல்லாம் நான் பெட்ரோல் வாசனை வருகிறதா என்று மோந்துகொண்டே போனேன். ஆஸ்பத்திரியில் அவளை ஆபரேஷனுக்கு உள்ளே அழைத்துப் போனதும், காருக்கடியில் கை விட்டுத் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட இல்லை. மதியத்துக்குமேல் பேரன் பிறந்தான். தாயும் பிள்ளையும் நலம்.

என் பயத்தை நான் பாசம் என்றே இத்தனை வருடம் நம்பியிருந்தேன். அது என் பிள்ளைகளின் காரியத்திலேயே ஓட்டை போடும் என்று அன்றுதான் கண்ணால் கண்டேன். இன்றைக்கும் யாருக்காகவாவது பதறி எதையாவது செய்யும் முன் என் கை தானாக நின்றுவிடுகிறது.

சாயங்காலம் மகன் வந்து சேர்ந்தான், ஆடிக் காற்றில் செஞ்சியிலிருந்து சைக்கிள் மிதித்து, முகமெல்லாம் கரியோடு. குழந்தையைப் பற்றிக்கூடக் கேட்கவில்லை. "டேங்கு ஒழுவுச்சாம்மா?" என்றான். இல்லை என்று தலையாட்டினேன். குழந்தைக்கான பழந்துணி மூட்டையை என்னிடம் கொடுத்தான். உள்ளே அந்தச் சொம்பும் இருந்தது.

"தண்ணி மொள்ள வேணுமில்ல" என்றான். "ஆனா ரெண்டு விரல் எடம் வுட்டு மொள்ளு."