முள்ளெலியோடு முப்பத்தொரு மைல்

இப்போது ஆம்பூருக்குப் போகிறவர்கள் பிரியாணிக்காகப் போகிறார்கள். நான் அறுபத்திரண்டாம் வருஷம் சித்திரை மாதம் போனது பூச்சிப் பொடி விற்க. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சென்னையில் ஒரு கம்பெனியின் விற்பனை ஆள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத பேர்வழி. வேலூர், ஆம்பூர் பக்கம் போகத் திட்டம் போடுகிறவர்கள் சிலர் வழி கேட்டு எழுதியிருந்தீர்கள். வழியும் சொல்கிறேன், என் மானம் போன கதையையும் சேர்த்தே சொல்கிறேன். இரண்டும் ஒரே சாலையில்தான் நடந்தன.

வேலூரில் காலை ஆறரைக்கு பஸ். ஆம்பூர் முப்பத்தொரு மைல், டிக்கெட் ஒரு ரூபாய் ஐந்து நயா பைசா. பள்ளிகொண்டா, மாதனூர் வழியாகப் போகும். பாலாறு கூடவே வரும், ஆனால் சித்திரையில் அதில் மணலைத் தவிர வேறொன்றும் பார்க்கக் கிடைக்காது. ஊர் வருகிறது என்று கண்டக்டர் சொல்ல வேண்டியதில்லை, தோல் பதனிடுகிற ஷாப்புகளின் வாடை சொல்லிவிடும். முதல் அரை மணி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பீர்கள், அப்புறம் நீங்களே மறந்துபோவீர்கள். எட்டு பத்துக்கு இறங்கி, முப்பது காசுக்கு நாலு இட்லியும் வடைகறியும் சாப்பிட்டேன். அந்த வடைகறியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இருக்கட்டும்.

நான் பார்க்கப் போனது ஒரு தோல் ஷாப்பின் மேலாளர் காதர் பாயை. முதலாளி வீட்டுத் தோட்டமும் அவர் பொறுப்பு. பதினைந்து நாளில் அந்த வீட்டில் கல்யாணம், தோட்டத்திலோ ரோஜாச் செடிகளை எல்லாம் கரையான் அரித்துக்கொண்டிருந்தது. "ஒரே பேஜாரா போச்சு சார். காசு ஜாஸ்தி ஆனாலும் பரவால்ல, விருந்தாளிங்க வரும்போது பூ இருக்கணும்" என்றார். இருபது டின்னுக்கு ஆர்டர் தருவதாகப் பேச்சு. அந்த மாதம் நான் விற்றிருந்தது மொத்தமே ஆறு டின்.

அன்று சாயங்காலம் என் வழக்கமான வித்தையைக் காட்டினேன். வெள்ளைப் பொடியை இடது உள்ளங்கையில் கொட்டி, வலது விரலால் தேய்த்து, "பாருங்க பாய், ஒண்ணும் ஆகாது. கைக்குழந்தை படுத்திருக்கிற இடத்துக்குப் பக்கத்துல கூட தூவலாம்" என்றேன். இதை எத்தனை ஊரில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. சொல்லச் சொல்ல எனக்கே உண்மை மாதிரி ஆகிவிட்டது. ரோஜாப் பாத்திகளில் தாராளமாகத் தூவினேன். பாத்திகளுக்கு அந்தப் பக்கம் பட்டைச் சக்கை ஆளுயரத்துக்குக் குவிந்து கிடந்தது. தோல் பதனிட ஆவாரம்பட்டையில் சாறு இறக்குவார்கள், மிஞ்சுவதுதான் இந்தச் சக்கை. காய்ந்ததும் செங்கல் சூளைக்கு எரிக்கப் போகும். அதன் ஓரத்திலும் ஒரு கை போட்டேன்.

தோட்டக்காரர் கன்னியப்பனுக்கு நாற்பது வயது இருக்கும். "சக்கைகிட்ட வேணாம் சார், நம்ம மாப்ள அங்கதான் இருக்கான்" என்றார். யாரோ உறவுக்காரர் அங்கே படுப்பார் போலிருக்கிறது என்று நினைத்து, "அவருக்கும் ஒண்ணும் ஆகாதுங்க" என்றேன். காதர் பாய் ஆர்டர் பாரத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். ஒன்றரை ரூபாய் லாட்ஜில் நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை எட்டு மணிக்குத் தோட்டத்துக்குப் போனால் கன்னியப்பன் பாத்தி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "இன்னா சார் தூவினீங்க? மாப்ளயப் பாருங்க."

மாப்பிள்ளை என்பது ஒரு முள்ளெலி. பெரிய சாத்துக்குடி அளவு, கூரான மூக்கு, முதுகெல்லாம் முள். முள்ளம்பன்றிக் குட்டி என்று நினைக்காதீர்கள், நான் அப்படித்தான் நினைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். தினமும் பொழுது சாய்ந்ததும் நேரம் தவறாமல் வந்து வண்டும் கரையானும் தின்னுமாம். அதனால்தான் கன்னியப்பன் வைத்த பெயர் மாப்பிள்ளை. இருட்டினால் வெளியே வருகிற பிராணி, அன்றைக்குப் பளீரென்ற வெயிலில் நாலு அடி வைப்பதும் சரிவதுமாக நடுங்கிக்கொண்டிருந்தது. வயிற்று மயிரில் என் பொடி. தொட்டால் சுருளவும் தெம்பில்லை. இது என் கையால் சாகக் கூடாது என்பதைத் தவிர அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை.

அவசரத்தில் என் சாம்பிள் பெட்டியைக் காலி செய்து அதை உள்ளே வைக்கப் போனேன். "உள்ளாற பூரா அதே பொடிதானே சார்? புத்தி கீதா உங்களுக்கு?" என்று கன்னியப்பன் பிடுங்கிக்கொண்டார். ஓலைக் கூடையில் கிழிந்த கோணி போட்டு வைத்தோம். உள்ளூர் மாட்டு டாக்டர் வெளியூர் போயிருந்தார், வேலூர்தான் கதி. கல்யாணச் சாமான் வாங்க காதர் பாயும் வேலூருக்குப் புறப்பட்டிருந்தார். அன்று மத்தியானம் எனக்கு பிரியாணி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அதுவும் போயிற்று.

ஒன்பதே காலுக்கு பஸ். கண்டக்டர் கூடைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "கோழின்னா இன்னா போடறதுன்னு தெரியும். இதுக்கு இன்னா போடறது?" என்று டிரைவரைக் கேட்டார். "மாப்ளய்யா அது, முழு டிக்கெட் போடு" என்று காதர் பாய் முன் சீட்டிலிருந்து சொன்னார். "கல்யாண வீட்டுல மாப்ளைக்கே விஷம் வெச்சுட்டாரு நம்ம சார்." பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். லக்கேஜ் என்று பதினைந்து காசு வாங்கினார்கள்.

மாதனூரில் ஒரு பெண் மூன்று வயதுக் குழந்தையோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தைக்குக் கக்குவான். இருமி இருமி முகம் சிவந்து, மூச்சை இழுக்கும்போது கூவுகிற சத்தம் வந்தது. அவள் கண் கூடையில் விழுந்தது.

"அண்ணே, நாலு முள்ளு குடுங்கண்ணே. சுட்டு, தேன்ல கொழச்சுக் குடுத்தா கக்குவான் நின்னுடும். இதுக்காக எங்கெங்கயோ தேடிட்டேன்."

அந்தப் பக்கத்தில் அப்போது அப்படி ஒரு நம்பிக்கை. அதற்காகவே முள்ளெலியைப் பிடித்துத் தோலைக் காயவைத்து விற்பார்கள். நான் முடியாது என்றேன். பஸ் முழுவதும் அவள் பக்கம் சேர்ந்துவிட்டது. நாலு முள் போனால் குறைந்தா போகும், புள்ளை உசுரு பெரிசா எலி உசுரு பெரிசா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். கண்டக்டரே கூடைக்குள் கையை நீட்டினார்.

கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொல்லிவிட்டேன். "வேணாம்மா. இது உடம்பு பூரா விஷம். நேத்து சாயங்காலம் நானே என் கையால தூவினது, முள்ளுலயும் ஒட்டியிருக்கு. புள்ளைக்குக் குடுத்தீங்கன்னா புள்ளை தாங்காது."

கண்டக்டர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். காதர் பாய் மெதுவாகத் திரும்பினார்.

"ஏன் சார், கைக்கொழந்தை பக்கத்துல கூட தூவலாம்னீங்களே?"

வாய் மூடாத பேர்வழி என்றேனே, பள்ளிகொண்டா வரை மூடித்தான் இருந்தது. காதர் பாய் எழுந்து வந்து எதிர் சீட்டில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து, இருமிக் களைத்த குழந்தைக்கு விசிறத் தொடங்கினார். அது என் ஆர்டர் பாரம். வேலூர் வரை விசிறினார்.

பத்தே முக்காலுக்கு இறங்கியதும், முள்ளை நம்ப வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி, பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையைக் காட்டச் சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் மேசைமேல் இருந்ததைப் பார்த்தார், எனக்குப் பின்னால் மாடு ஏதாவது நிற்கிறதா என்றும் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார். "மொதல்ல அங்கயே கழுவியிருக்கணும் சார். பொடியோட முப்பது மைல் கொண்டு வந்திருக்கீங்க." வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி, கரித்தூளைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார். "ரெண்டு நாள் தாண்டினா பொழைச்சுக்கும்" என்றார். அந்த இரண்டு நாளும் நான் லாட்ஜுக்கும் மாட்டாஸ்பத்திரிக்கும் நடந்தேன். மூன்றாம் நாள் காலை, கூடையைத் திறந்ததும் அது புஸ்ஸென்று சீறிப் பந்தாகச் சுருண்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை. அந்தக் குழந்தையும் வார்டில் தேறி வருவதைப் போய்ப் பார்த்தேன்.

ஆர்டர் கிடைக்கவில்லை. உள்ளங்கை வித்தையை நான் நிறுத்தியதும் விற்பனை படுத்தது, அடுத்த மாதமே கம்பெனி என்னைப் போகச் சொல்லிவிட்டது. பிறகு முப்பது வருஷம் வேப்பம் புண்ணாக்கு விற்றுத்தான் பிழைத்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த ரோஜாக்களுக்குக் கடைசியில் கன்னியப்பன் போட்டதும் புண்ணாக்குதான்.

அந்தப் பக்கம் வீடு, தோட்டம் வைத்திருக்கிறவர்களுக்கும், போய்ப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. எலிக்கும் கரையானுக்கும் விஷம் வைத்தால் அதோடு நிற்காது, அதைத் தின்பதற்கும் போய்ச் சேரும். குப்பை, சக்கை, சருகு எதுவானாலும் கிளறிப் பார்க்காமல் நெருப்பு வைக்காதீர்கள். தொட்டியோ குழியோ இருந்தால் ஒரு பலகையைச் சாய்த்து வையுங்கள், விழுந்தது ஏறி வரும். ஷாப்பில் தோல் ஊறப்போடுகிற சுண்ணாம்புத் தொட்டிகளில்கூடக் கன்னியப்பன் அப்படி வைத்தார். முள்ளெலி பகலில் தள்ளாடினால் ஏதோ கோளாறு என்று அர்த்தம், மருத்துவரிடம் காட்டுங்கள். பால் வைக்காதீர்கள், தட்டில் தண்ணீர் போதும். முள்ளால் எந்த இருமலும் நிற்காது.

நாலாம் நாள் சாயங்காலம் ஆம்பூர்த் தோட்டத்தில் கூடையைத் திறந்தோம். பாத்தியில் பொடி பட்ட மண்ணைக் கன்னியப்பன் முழுக்க வழித்து, தள்ளி ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்திருந்தார். சோப்புப் போட்டுக் கழுவிய இடது உள்ளங்கையில் மாப்பிள்ளையை வைத்து நீட்டினேன். கொஞ்ச நேரம் பந்தாகவே இருந்தது. அப்புறம் மூக்கு வெளியே வந்தது.

காதர் பாய் என் கையையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இதக் கைக்கொழந்தை பக்கத்துல விடலாமா சார்?"

"விடலாம் பாய். முள்ளு குத்தும், அவ்வளவுதான்."