கட்டாரி பிறந்த ஊர்

மல்லசமுத்திரத்தில் நிலக்கடலை காயும் களத்தில் நிற்கிறேன். கட்டிலில் ஒரு டிரான்சிஸ்டர் முணுமுணுக்கிறது. பிற்பகல் வெயிலில் தூரத்துப் பனைகள் தண்ணீருக்குள் நிற்பவைபோல் அசைகின்றன. தஞ்சாவூரில் எங்கள் வீட்டிலுள்ள பழைய குத்துவாள், அந்தக் கட்டாரி, இந்த ஊரில் செய்தது என்று அப்பா கண்மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அது உண்மைதானா என்று கேட்க அதைப் பையில் வைத்து எடுத்து வந்திருக்கிறேன்.

"இதேமாதிரி எங்கூட்லயும் ஒண்ணு இருக்குதுங்க" என்கிறார், நான் எடுத்துக் காட்டியதைப் பார்த்த களத்துக்கார நல்லம்மாள். உள்ளே போய் மஞ்சள் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து பிரிக்கிறார். அதே குறுக்குப்பிடி, அதன் ஓரத்தில் அதே சின்னக் கிளி.

"இது எங்கே செய்ததுங்க?"

"தஞ்சாவூர்ல செஞ்சதுன்னுதான் எங்க மாமனாரு சொல்லுவாருங்க. நீங்க அந்த ஊருன்னதும் உங்களையே கேட்டுப்போடலாம்னு இருந்தேன்."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. கட்டாரிகள் இரண்டும் கடலைமேல் அருகருகே கிடக்கின்றன. அவர் குனிந்து அவற்றையே பார்க்கிறார்.

"அப்ப நடுவால எங்கியோ பொறந்திருக்கும் சாமி."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வோர் ஊராக வெயிலில் மிதந்து வந்து போகிறது. எந்த ஊரையும் இது இல்லை என்று தள்ள மனம் வரவில்லை.