பேண்டை விட்டு விலகிய பாங்கோ

ஒரே ஒரு பாங்கோ மேளத்தை நம்பி பள்ளிப் பாட்டு பேண்டை விட்டு விலகிய முட்டாள் நான்தான். நேற்று மழையில் ஆம்பூரைத் தாண்டும்போது காருக்குள் புகுந்த ஈரத்தோல் நாற்றம் அதை மறுபடி சொல்லிக் காட்டியது.

எழுபதுகளின் கடைசி. பள்ளியில் நாங்கள் மூவர்: சலீம் கிடார், டேனியல் ஆர்மோனியம், நான் பாங்கோ. வெளிநாட்டு ரெக்கார்டுகளைக் கேட்டுவிட்டு, முடியவே முடியாத நீளப் பாட்டுகளாகப் போடுவோம். பாதிப் பாட்டுக்கு சலீமின் கிடார் மட்டும் தனியாக அழும். நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பேன். பெரிய பேண்டுகளை விட்டு விலகினவன் தனி ரெக்கார்டு போடுவான் என்று சலீமே சொல்லியிருந்தான். ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் விலகினேன்.

"இன்னாடா, வெறும் பாங்கோவ யார் கேப்பா? போய்ட்டா திரும்ப சேத்துக்க மாட்டோம்" என்றான் சலீம்.

"ஊரே கேக்கும், பாரு."

விழாவன்று மழை. மேடையில் தனியாக உட்கார்ந்தேன். மண்டபம் மூச்சுவிடாமல் பார்த்தது. தோல் பதனிடும் டேனரியில் கெஞ்சி வாங்கிக் கட்டிய ஆட்டுத்தோல் ஈரத்தில் தொய்ந்திருந்தது. ஓங்கி அடித்தேன். 'தொப்' என்றது. இன்னும் ஓங்கினேன். தொப். வியர்வை கண்ணில் இறங்கியது. முன்வரிசையில் யாரோ இருமினார். அந்த இருமலில் என்னைவிடத் தாளம் இருந்தது.

அடுத்து அவர்கள் ஏறினார்கள். டேனியல் ஆர்மோனியத்தைத் தள்ளிவைத்துவிட்டு, என் பாங்கோவுக்குப் பதில் தலைமையாசிரியரின் மேஜையைத் தட்டினான். மண்டபம் அதிர்ந்தது.

நேற்று காரை ஓரங்கட்டி சலீமுக்கு போன் போட்டேன். "தோஸ்த், இப்பவாச்சும் என்னை பேண்டுல சேத்துக்கிறியா?"

"மேஜை இன்னும் நல்லாத்தான் வாசிக்குது."