மாமியார் ஜோக்

ஜெலுத்தோங் சந்தையில் மீன் வெட்டும் அர்ஜுனன், கல்யாண வீடுகளில் மைக் பிடித்துச் சிரிக்க வைப்பான். அவனுடைய பெரிய சரக்கு மாமியார் ஜோக். இரண்டு நாள் தங்க வந்தவர் வருஷக்கணக்காக நாற்காலியை விடவில்லை என்பான். முன் வரிசையில் விழுந்து விழுந்து சிரிப்பது அந்த மாமியார்தான்.

தொண்ணூற்று ஒன்பதாம் வருஷத் தேர்தல் நேரத்தில் எவனோ வேலையற்றவன் அதை அர்ஜுனன் பெயரோடு இன்டர்நெட்டில் எழுதிப் போட்டான். நாற்காலி என்று எங்கள் கட்சிக் கிளைத் தலைவரைத்தான் கிண்டல் செய்கிறான் என்று ஒரு கூட்டம் திட்டியது. அவன் எங்கள் ஆள் என்று எதிர்க்கூட்டம் கொண்டாடியது. கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத அர்ஜுனனை அதற்குப் பிறகு யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை.

கடைசியில் சொந்தத் தம்பியே மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். மீன் வாங்கப் போன நானும் அப்போது கடையில் இருந்தேன்.

"அண்ணே, குடும்பத்தோட வந்து சாப்பிடுங்க. மைக் மட்டும் வேணாம்லா. ரெண்டு கட்சி ஆளுங்களும் வராங்க."

"நான் மாமியாரைத்தான்டா சொன்னேன்."

"எனக்குத் தெரியும்ணே. அவனுங்களுக்குத் தெரியணுமே."

கல்யாணத்தில் அர்ஜுனன் இலைக்கு முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்து இலையில் மாமியார்.

"என்ன மாப்ளே, இன்னிக்கு என்னைத் திட்டலையா?"

அவன் சுற்றிலும் ஒருமுறை பார்த்தான்.

"மெதுவாப் பேசுங்க அத்தே" என்றான்.