நூல் நம்பரும் கட்டியின் தரமும்

முதலில் முகம் சிவந்தது. வேடசந்தூர் மில்லில் நூல் பரிசோதிக்கும் பிரிவில் எனக்கு வேலை. உட்கார்ந்திருக்கும்போதே கழுத்திலிருந்து சூடு ஏறும். கொஞ்ச நேரத்தில் தானே வடியும். அதோடு ஓயாத வயிற்றுப்போக்கு. மாதக்கணக்கில் கேண்டீன் சாம்பாரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

அது தவக்காலம். ஈஸ்டர் வரை குடியைத் தொடுவதில்லை என்று மாதா கோயிலில் நேர்ந்திருந்தேன். வீட்டுக்குள் நுழைந்த என் முகத்தைப் பார்த்து மனைவி பிலோமினா, "தவக்காலத்துலயுமா ஊத்திக்கிட்டு வாரீக?" என்றாள். வாயை ஊதிக் காட்டினேன். வாசம் இல்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. மறுநாளே திண்டுக்கல்லில் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

ஸ்கேனில் சிறுகுடலில் ஒரு கட்டி, கல்லீரலில் அதன் குஞ்சுகள். மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே பயாப்சி (ஊசியால் சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) செய்தார்கள். வந்த பெயர் நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் ஒருவகைச் செல்களில் தோன்றுவது). அது கசியவிட்ட ஹார்மோன்தான் என் முகத்தைச் சிவக்க வைத்ததாம். சாம்பார் பாவம்.

ரிப்போர்ட் போனுக்கு வந்தது. கிரேடு ஒன்று என்று போட்டு, கீழே கேஐ-67 என்பதற்கு நேராக மிகச் சின்ன எண். அங்கேதான் மில்காரன் புத்தி என்னைக் குழியில் தள்ளியது. எங்களுக்கு நம்பர் ஏற ஏற நூல் சன்னம், உசத்தி. நம்பர் குறைந்தால் முரட்டு நூல். என் நம்பரோ அடிமட்டம். மதுரை டாக்டரைப் பார்க்கப் போகும் பஸ்ஸிலேயே, கதை முடிந்தது என்று பிலோமினாவிடம் சொல்லிவிட்டேன். அவள் சத்தமில்லாமல் அழுதாள். எனக்குச் சாக மனசே இல்லை.

நூல் நம்பர் கணக்கை நான் சொன்னதும் டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

"உங்க மில்லு கணக்கு இங்க தலைகீழ் அண்ணே. நூறு செல்லுல எத்தனை பெருகுதுன்னு எண்ணுறதுதான் அந்த நம்பர். கம்மின்னா மெதுவா வளருதுன்னு அர்த்தம்."

கல்லீரல் வரை பரவிவிட்டதே என்று கேட்டேன். எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பது நிலை (ஸ்டேஜ்), எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது தரம் (கிரேடு), இரண்டும் வேறு என்றார். என்னுடையது தூரம் போனதுதான், ஆனால் நடைவேகம். முன்பு இந்த வகைக் கட்டிகளையெல்லாம் ஒரே பெயரில் அடைத்தார்களாம். ஆராய்ச்சி வளர வளர, செல்லின் தோற்றத்தையும் பெருகும் வேகத்தையும் பார்த்துப் பிரித்திருக்கிறார்கள். அதைப் பொறுத்துத்தான் வைத்தியமும். இதே நோயோடு இதைப் படிப்பவர்கள் தரத்தையும் நிலையையும் தனித்தனியாகக் கேளுங்கள். என்னைப் போலப் பஸ்ஸிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

குடலில் இருந்ததை அறுத்து எடுத்தார்கள். கல்லீரலில் இருப்பதற்கு மாதாமாதம் இடுப்பில் ஊசி. கட்டிகள் இருக்கின்றன, வளரவில்லை. மில்லுக்குப் போகிறேன். வயிறு என்று ஒன்று இருப்பதே பாதி நாள் மறந்துபோகிறது. அம்புட்டு சுகம் அந்த மறதி.

போன தடவை செப்டம்பர் முதல் வாரம் ஸ்கேனுக்கு வரச் சொன்னார் டாக்டரம்மா. நான் தலையாட்டுவதற்குள் பிலோமினா முந்திக்கொண்டாள்.

"அந்த வாரம் வேளாங்கண்ணி போறோம் டாக்டர், தோதுப்படாது. பெறகு வாரோம்."

டாக்டரம்மா மறுபேச்சில்லாமல் தேதியை மாற்றிக் கொடுத்தார். எங்கள் வசதிக்காக என் நோய் ஒரு வாரம் காத்திருக்கப் போகிறது.