வாக்கில்லாதவர்களின் பிரதிநிதி

வேலை முடிந்து வென்ட்வேர்த்வில் ரயில் ஸ்ரேசனில் இறங்கும்போது, என்னோடு வேலை செய்யும் குகன் போன் எடுத்தான். "அண்ணை, தெரேசா அக்கா மோசம் போயிட்டா." அக்காவின் சாவுச் செய்தியோடு அங்கிருந்த கதிரையில் இருந்தேன்.

செவன் ஹில்ஸில் எங்கள் ரொட்டித் தொழிற்சாலையில் தொழிற்சங்கப் பிரதிநிதியாக இருந்தவர் அவர். பிலிப்பைன்ஸ்காரர். சிரித்தால் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். தேநீர் இடைவேளையில் பேச்சு எங்கே தொடங்கினாலும் அவருடைய பூட்டனாரிடம்தான் போய் நிற்கும். "பூட்டன் புராணம் தொடங்கியாச்சு" என்று நாங்கள் பகிடி பண்ணுவோம்.

அமெரிக்கர் ஆண்ட காலத்தில் பிலிப்பைன்ஸ் சட்டசபைக்குத் தெரிவான முதல் தலைமுறை உறுப்பினர்களில் அந்தப் பூட்டனாரும் ஒருவராம். அப்போது சொத்தோ படிப்போ உள்ள ஆண்களுக்கே வாக்கு. குத்தகை விவசாயிகளுக்காக அவர் கொண்டுவந்த மசோதாவை, அமெரிக்கர் கை ஓங்கியிருந்த மேல்சபை தள்ளிவிட்டது. மனுசன் ஊருக்குப் போய்ச் சந்தையில் நின்று, வாக்கே இல்லாத அந்த விவசாயிகளிடம், "கேட்டேன், தோற்றேன்" என்று தானே சொன்னாராம். அடுத்த தேர்தலில் நிலக்காரர்கள் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "எங்கள் குடும்பத்தில் அவருக்குப் பிழைக்கத் தெரியாதவர் என்றுதான் பெயர். எனக்கு அவரைத்தான் பிடிக்கும்" என்பார் அக்கா.

பிறகு எங்களுக்கும் வேலை குறைந்த காலம் வந்தது. எல்லோருடைய மணித்தியாலங்களையும் கொஞ்சம் குறைப்பதா, நிரந்தரமில்லாத கசுவல் ஆட்களை நிறுத்துவதா என்று நிரந்தரத் தொழிலாளர்கள் கூடி வாக்கெடுத்தார்கள். நான் கசுவல், தற்காலிக விசா, வீட்டில் கைக்குழந்தை. எங்களுக்கு அங்கே வாக்கில்லை. வேலையைப் பகிர்வோம் என்று அக்கா தொண்டை கட்டும்வரை வாதாடினார். எடுபடவில்லை.

தொழிற்சாலைக் கேற்றடியில் காத்து நின்ற எங்களிடம், சூப்பர்வைசர் வந்து சொல்லும் முன் அவரே வந்தார். "கேட்டேன், தோற்றேன். இனி உங்களுக்கு வேலையில்லை. வேலை கூடினால் முதலில் உங்களைக் கூப்பிட வைப்பேன்." எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் எங்களையும் ஆளாய் மதித்து, முகம் பார்த்துச் சொன்னாரே!

சொன்னபடியே செய்தார். சில மாதங்களில் எங்களை உள்ளே எடுத்தார்கள். எங்கள் பக்கம் நின்றதற்காக, அடுத்த சங்கத் தேர்தலில் அக்காவின் பதவி போனது.

நேற்றுத் தேவாலயத்தில், அவரைத் தோற்கடித்துப் பதவிக்கு வந்தவரும் சவப்பெட்டி தூக்கினார். "சரியான கரைச்சல் பிடித்த மனுசி, ஆரையும் சும்மா விடமாட்டா" என்று கண்ணைத் துடைத்தார். பிறகு என்னிடம், "திரும்பவும் ஆட்களை நிறுத்தப் போகிறார்கள். கசுவல் ஆட்களுக்காகக் கூட்டத்தில் இனி யார் பேசுவது?" என்று கேட்டார்.

நான் இப்போது நிரந்தரம். வாயைத் திறக்காமல் இருந்தால் என் வேலைக்கு ஒன்றும் வராது.

"நான் பேசுறன்" என்றேன்.

அக்கா, என் பிள்ளை பசி தெரியாமல் வளர்ந்தது உங்களால். கோடி நன்றி. சொல்லிவிட்டேனே தவிர, பயமாய்த்தான் இருக்கிறது. ஆனாலும் பேசுவேன். நீங்கள் நிம்மதியாய்ப் போய் வாருங்கள்.